முசியேயின் வயிற்றில் ஒரு திருப்புளி

"எங்க சரக்கோட தனிச்சிறப்பே அதோட பிடிப்பு" என்று முசியே அழுத்திச் சொன்னார். அந்தக் கடைசி எழுத்தில் அவருடைய மேல் பல்செட்டு கழன்று வெளியே வந்து, மேசைமேல் விரித்திருந்த கறுப்பு வெல்வெட் துணியில், நாங்கள் வரிசையாக அடுக்கி வைத்திருந்த டைட்டேனியம் திருகாணிகளுக்கு நடுவே விழுந்தது. எதிரே ஐம்பது பல் மருத்துவர்களாவது உட்கார்ந்திருப்பார்கள். கடற்கரையை ஒட்டிய தெருவில் ஓர் ஓட்டலின் ஏசி கூடம் அது. சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் கம்பெனியைப் பற்றிப் பேசிக்கொள்ள ஒரு கால் மணி நேரம் தந்திருந்தார்கள். நான் ப்ரொஜெக்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். அடுத்த படத்தைப் போடுவதா, விளக்கை அணைப்பதா என்று புரியவில்லை. முசியே பதறவில்லை. கைக்குட்டையால் பல்செட்டை எடுத்தார், சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று பொருத்திக்கொண்டார், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார், விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ஒரே ஒரு மாற்றம்தான். அதற்குப் பிறகு "பிடிப்பு" என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் "கெட்டி" என்று சொன்னார்.

அவர் எங்கள் முதலாளி. கம்பெனியில் எல்லோரும் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி ஐயா என்ற பொருளில் முசியே என்றுதான் கூப்பிடுவோம், அவர் மனைவியை அம்மா என்ற பொருளில் மதாம் என்று. இரண்டு பேருமே முத்தியால்பேட்டையில் பஞ்சாலைத் தொழிலாளிகள் வீட்டில் பிறந்தவர்கள். முசியே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் என்பதால் இளவயதிலேயே பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து கப்பலேறிவிட்டார். அப்படிப் போகிறவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்போம். ராணுவத்தைவிட்டு வந்த பிறகு ஸ்விஸ் எல்லைப் பக்கம் ஒரு சிறிய ஊரில் திருகாணி செய்யும் தொழிற்சாலையில் வேலை. முதலில் கைக்கடிகாரத்துக்கு, கடைசிக் காலத்தில் பல் மருத்துவர்களுக்கு. தாடை எலும்பில் துளை போட்டு ஒரு டைட்டேனியம் திருகாணியை முறுக்கி இறக்கி, எலும்பு அதைக் கவ்விக்கொண்ட பிறகு அதன் தலையில் பல்லை உட்கார வைப்பார்களே, அந்த இம்ப்ளாண்ட். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். பிரான்சிலிருந்து பான்சியோன் என்கிற ஓய்வூதியம் வருகிறவர்கள் வழக்கமாக மாடி மேல் மாடி கட்டுவார்கள், மாலையில் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுவார்கள். முசியே ஒரு பழைய ஸ்விஸ் லேத் வாங்கினார். இறக்குமதி இம்ப்ளாண்ட்டின் விலையைக் கேட்டு நம்மவர்கள் பொக்கை வாயோடு வீடு திரும்புகிறார்கள், அதை நாமே செய்தால் என்ன என்பது அவர் எண்ணம்.

அந்த லேத் வந்த கதையை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். லாரி தெருவுக்குள் நுழையவில்லை. தெருமுனையிலிருந்து உருளைக்கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தால் வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. முன்சுவரை இடித்து உள்ளே ஏற்றினார்கள். சுவரை மறுபடி கட்டும்வரை மூன்று வாரம் முசியேயும் மதாமும் தெருவுக்கு நேராகத் திறந்த கூடத்தில் சோபாவில் உட்கார்ந்து காப்பி குடித்தார்களாம். லேத் ஓட ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டு டிவியில் படம் குலுங்கியது. சீரியல் நேரத்தில் லேத் ஓடக் கூடாது என்று இரண்டு வீட்டுப் பெண்களும் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். எங்கள் கம்பெனி கட்டுப்பட்ட முதல் ஒழுங்குமுறை அதுதான்.

லேத்தை ஓட்டியவர் மேஸ்திரி. மூடப்பட்ட பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். அதுவரை அவர் தொட்ட மிகச் சிறிய சாமான் அவர் முழங்கை நீளம் இருந்திருக்கும். இங்கே வந்ததும் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்றைச் செய்து அதில் மரையும் போடச் சொன்னார்கள். முதல் வாரத்தில் ஒரு தும்மல் தும்மினார், அன்றைய உற்பத்தி முழுவதும் போய்விட்டது. அதன் பிறகு மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்தார். சுத்தத்துக்காக அப்படிக் கட்டியிருக்கிறார் என்று வந்து பார்த்த அதிகாரி ஒருவர் பாராட்டிவிட்டுப் போனார்.

நான் பாகூர் பக்கம். வீட்டில் நெல்லும் கரும்பும். அப்பாவுக்கு நான் விலங்கியல் படித்ததே புரியவில்லை, இதில் பல்லுக்குத் திருகாணி செய்கிற கம்பெனியில் கடிதம் எழுதுகிற வேலை என்றால் எப்படிப் புரியும்? அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். திருகாணி என்றால் தோட்டுக்குப் பின்னால் போடுவதுதானே? பெண் நகைக் கம்பெனியில் இருக்கிறாள் என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், செய்கூலி சேதாரம் இல்லாமல் பத்துப் பவுன் முடியுமா என்று என்னிடமே கேட்டது. என் படிப்பைப் பார்த்துத்தான் முசியே என்னைச் சேர்த்துக்கொண்டார் என்று நினைத்திருந்தேன். ஆட்டுத் தலையைக் கண்டு முகம் சுளிக்காத ஆள் வேண்டும் என்பதுதான் அவர் பார்த்த தகுதி என்பது பிறகு தெரிந்தது.

ஏனென்றால் எங்கள் ஆராய்ச்சிக்கூடம் ஆட்டுத் தாடைகளால் ஆனது. மார்க்கெட்டிலிருந்து தலைகள் வரும். தாடையில் துளை போட்டு இம்ப்ளாண்ட்டை இறக்கி, ஒரு தராசுக் கொக்கியை மாட்டி, எவ்வளவு இழுத்தால் பெயர்கிறது என்று பார்ப்போம். நான் எழுதிக்கொள்வேன். சோதனை முடிந்த தலைகளை வீணாக்க மதாமுக்கு மனம் வராது. வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாள்களில் எங்களுக்குத் தலைக்கறிக் குழம்புதான் மதிய உணவு. ஒருமுறை மேஸ்திரி கவளத்தை வாயில் போட்டவர் கடக்கென்ற சத்தத்தோடு நிறுத்தி, நாக்கால் துழாவி ஒரு திருகாணியை வெளியே எடுத்தார். முசியே சாப்பாட்டை விட்டு எழுந்து போய்ப் பூதக்கண்ணாடி எடுத்துவந்து மரையைப் பார்த்தார். பிறகுதான் மேஸ்திரியின் பல்லைப் பார்த்தார்.

முசியே கொண்டுவந்த புதுமைகள் எல்லாவற்றுக்கும் மேஸ்திரியோடு ஒரு சண்டை நடந்திருக்கும். இம்ப்ளாண்ட்டின் மேல்பரப்பு வழவழப்பாக இருந்தால் எலும்பு வந்து கவ்வாது, மணலை வேகமாக ஊதிச் சொரசொரப்பாக்க வேண்டும் என்றார் முசியே. மேஸ்திரிக்கு அது தனிப்பட்ட அவமானமாகப் பட்டது. வழவழப்பாகச் செய்வதற்குத்தான் இத்தனை வருஷம் தனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், சொரசொரப்பாகச் செய்ய வேண்டுமானால் தன் மருமகனே போதும் என்று இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அடுத்த சண்டை தலைப்பகுதியில் போடும் குழியைப் பற்றியது. இம்ப்ளாண்ட்டையும் அதன் சின்ன மூடியையும் திருகுவதற்கு மற்ற கம்பெனிக்காரர்கள் ஆறு பக்கக் குழி வைக்கிறார்கள். முசியே ஐந்து பக்கம் வைக்க வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டால், ஆறு எல்லாரிடமும் இருக்கிறதே என்பதுதான் பதில். ஐங்கோணக் குழி போடுவதே பெரும்பாடு. அதற்குப் பொருந்துகிற ஐங்கோண மூக்கு வைத்த திருப்புளி செய்வது அதைவிடப் பாடு. பெருவிரல் நுனியால் உருட்டித் திருகுகிற, மாத்திரையைவிடச் சற்றே பெரிய சாமான். மேஸ்திரி ஒரு கிண்ணம் நிறையக் கழித்துப்போட்ட பிறகு, கடைசியில் ஒன்றே ஒன்று சரியாக வந்தது. உலகத்திலேயே எங்கள் இம்ப்ளாண்ட்டைத் திருகக்கூடிய ஒரே திருப்புளி அது.

அந்த நிலையில்தான் ஓட்டல் கூட்டம். பல்செட்டு விழுந்ததற்குச் சிரிக்காமல் இருந்தவர் ஒரே ஒருவர்தான். முதலியார்பேட்டையில் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா, முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார். கேள்வி நேரத்தில் எழுந்தார். "முசியே, உங்க சாமான் நல்லா இருக்கும்னு நீங்க நம்பறீங்க. அப்புறம் ஏன் உங்க வாயில அது இல்ல?" என்று கேட்டார். குரலில் கேலி இல்லை, அதனால்தான் அது இன்னும் நன்றாக உள்ளே இறங்கியது. முசியே வெல்வெட் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போட்டுக்கறேன்" என்றார். "நீங்களே போட்டுவிடுங்க. நின்னுச்சின்னா நீங்க வாங்கணும்." டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். வேறு சில மருத்துவர்களும், அது நிற்கட்டும், பிறகு நாங்களும் வாங்குகிறோம் என்றார்கள். அன்று சாப்பாட்டில் முசியே ரொட்டியைக்கூடத் தொடவில்லை.

சொன்னாரே தவிர, போகவில்லை. முதல் தேதிக்குச் சளி. அடுத்ததற்கு மதாமின் தம்பி வீட்டுக் காதுகுத்து. பிறகு ஜூலை பதினாலு வந்தது, பிரான்சின் தேசிய நாள், பழைய சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு அணிவகுத்துப் போகும் நாள், அன்று வீங்கின கன்னத்தோடு போக முடியுமா? பிறகு சந்திர கிரகணம். டாக்டரம்மாவின் கிளினிக்குக்குத் தொலைபேசி செய்து தேதியைத் தள்ளிவைப்பது என் வேலை. கிரகணத்தைச் சொன்னபோது அந்தப் பக்கத்தில் காரணத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். இதற்குள் கம்பெனி நிலைமை இறுகிக்கொண்டு வந்தது. வெல்வெட் துணியில் அடுக்கிய சரக்கு அப்படியே டப்பாவுக்குத் திரும்பியிருந்தது, ஆர்டர் ஒன்றுகூட இல்லை. லேத் வாரத்தில் பாதி நாள் ஓடவில்லை. பக்கத்து வீட்டம்மா எந்நேரமும் தடையில்லாமல் சீரியல் பார்த்தார், அதுவே எங்களுக்குக் கெட்ட சகுனமாகத் தெரிந்தது. மேஸ்திரியைக் கடலூர் சிப்காட்டில் வேறு வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் அதை முசியேயிடம் சொல்லாமல் மதாமிடம் சொன்னார். மறுநாள் காலையில் மதாம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, "ஏறுங்க" என்றார். முசியே ஏறினார். பின்னாலேயே மேஸ்திரியின் மொபெட்டில் அவரும் நானும் போனோம். எங்காவது ஒரு நூலளவு ராவ வேண்டியிருந்தால் என்று மேஸ்திரி அரப்பெட்டியையும் எடுத்துக்கொண்டார்.

கிளினிக்கில் முசியேயை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் மதாம் அந்தக் கதையைச் சொன்னார். அதுவரை, எதற்கும் அஞ்சாத ஒரு முன்னாள் ராணுவக்காரர் ஏன் பல் டாக்டர் நாற்காலியைக் கண்டு ஒளிகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. ராணுவத்தில் சேர்ந்த புதிதில் முசியேக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராதாம். கடைவாயில் ஒரு பல் வலித்தது, ராணுவ பல் வைத்தியரிடம் அனுப்பினார்கள். அவர் ஒரு சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு பல்லாகத் தட்டி, இதுவா, இதுவா என்று பிரெஞ்சில் கேட்டிருக்கிறார். பெரிய அதிகாரி ஏதாவது கேட்டால் வீ, அதாவது ஆமாம், என்று சொல்ல வேண்டும் என்று இவருக்குக் கப்பலிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தட்டிய ஒவ்வொரு பல்லுக்கும் இவர் மரியாதையாக "வீ" என்றார். "பிரெஞ்சு வர்றதுக்கு முன்னாடி பல்லு பூடுச்சி" என்றார் மதாம். "கல்யாணத்துக்குத் தாம்பூலம் மாத்தறப்ப எனக்குத் தெரியாது. இருவத்தி மூணு வயசுல பல்செட்டு." சொல்லிவிட்டு அவர் சிரித்தார், எங்களுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மேஸ்திரி சிரித்து முடித்த பிறகு அரப்பெட்டியைத் திறந்து, காரணமே இல்லாமல் ஓர் அரத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

உள்ளே எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மேல்தாடையில் நான்கு இம்ப்ளாண்ட். இறக்கிய பிறகு ஒவ்வொன்றின் தலைக்கும் சின்ன மூடி போட்டு, ஈறை மூடித் தைத்துவிட வேண்டும், எலும்பு பிடிக்கச் சில மாதம் காத்திருக்க வேண்டும். மூன்று மூடி போட்டாகிவிட்டது என்று உதவிக்கு நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். மதாம் கழுத்துச் சங்கிலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் உள்ளே திடீரென்று சத்தம் அடங்கியது. டாக்டரம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "வாயத் தொறங்க. முசியே, வாயத் தொறங்க. நாக்கத் தூக்குங்க." கொஞ்ச நேரம் கழித்து மரத்துப்போன வாயிலிருந்து முசியேயின் குரல் தெளிவில்லாமல் வந்தது.

"முயுங்கித்தேன்."

எச்சிலில் வழுக்கித் திருப்புளி டாக்டரம்மாவின் விரலிலிருந்து நழுவி நேரே தொண்டைக்குள் போய்விட்டது. டாக்டரம்மா முகம் வெளுத்து வெளியே வந்தார். இருமல் இல்லை, மூச்சு முட்டல் இல்லை, ஆனாலும் நுரையீரல் பக்கம் போயிருக்கக் கூடாது, உடனே படம் எடுத்தாக வேண்டும் என்றார். மேஸ்திரி எழுந்து நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "டாக்டரம்மா, அந்த அஞ்சு மூக்கா?" அதுதான் என்றதும், துக்க வீட்டில் உட்காருவதைப் போலத் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் எங்களோடு டாக்டரம்மாவும் வந்தார். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்கள். வயிற்றுக்குள், விலா எலும்புகளுக்குக் கீழே, எங்கள் திருப்புளி அட்டென்ஷனில் நிற்கிற சிப்பாய் மாதிரி நேராக நின்றுகொண்டிருந்தது. நுரையீரலுக்குப் போகவில்லை. தானாக வெளியே வந்துவிடும், வாழைப்பழமும் கீரையும் நிறையச் சாப்பிடட்டும், வலி வந்தால் மட்டும் ஓடி வாருங்கள் என்றார்கள். மதாம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். முசியே விளக்குப் பெட்டிக்கு அருகில் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தன் வயிற்றை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைக் கைகாட்டிக் கூப்பிட்டு, வீங்கிய வாயோடு சொன்னார், அந்தக் கழுத்து வளைவு எவ்வளவு சீராக வந்திருக்கிறது பார் என்று. மேஸ்திரியும் பார்த்தார். ஆமாம் முசியே, லேத்தில் வைத்துப் பார்த்தபோதுகூட இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்றார். அவர்கள் இரண்டு பேரும் ஒரு சண்டையும் இல்லாமல் ஒத்துப்போனதை நான் பார்த்தது அன்றுதான்.

ஆனால் நாலாவது மூடி பாதியில் நின்றிருந்தது. டாக்டரம்மா கிடுக்கியால் முடிந்த அளவு அழுத்தி, மேலே ஒரு தையல் போட்டு அனுப்பியிருந்தார். சில நாளுக்குள் அதைத் திறந்து சரியாக முறுக்காவிட்டால் சீழ் வைக்கும், அந்த இம்ப்ளாண்ட் போய்விடும், நின்றால் வாங்குவதாகச் சொன்ன பேச்சும் போய்விடும் என்றார். வேறு எந்தக் கம்பெனித் திருப்புளியும் எங்கள் ஐங்கோணத்துக்குள் நுழையாது. ஆறு எல்லாரிடமும் இருந்தது. ஐந்து முசியேயின் வயிற்றில் இருந்தது.

முத்தியால்பேட்டை முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் "வந்துச்சா?" என்று கேட்டால் பிரெஞ்சு விசாவைப் பற்றி என்று அர்த்தம். அந்த வாரம் மட்டும் அர்த்தம் மாறியது. பால்காரர், தபால்காரர், டிவி பார்க்கிற பக்கத்து வீட்டம்மா என்று ஆளாளுக்கு வாசலில் நின்று "வந்துச்சா?" என்றார்கள். மதாம் ஒவ்வொருவருக்கும் "இன்னும் இல்ல" என்று சொல்லிச் சொல்லிப் பொறுமை இழந்துகொண்டிருந்தார். முசியே கூடத்துச் சோபாவில் வாழைத்தாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். உள்ளே மேஸ்திரி புதுத் திருப்புளிக்காக லேத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சீரியல் நேரத்திலும் லேத் ஓடியது, பக்கத்து வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரத்தில் ஒரு மாலை மேஸ்திரி ஒருவழியாகப் புது ஐங்கோணத்தைச் செய்து முடித்துக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். மறுநாளே கிளினிக்குக்குப் போகலாம் என்றார் முசியே. மதாம் நடுவில் வந்து நின்றார். "நீங்க எங்கயும் வாயத் தொறக்கப் போறதில்ல" என்றார். "கெணத்துல வாளி எறக்கறவன் கூட கயிறு கட்டித்தான எறக்கறான்? இத்தினூண்டு சாமான, கயிறும் இல்லாம ஒண்ணும் இல்லாம மனுசன் தொண்டைக்கு மேல தூக்கிப் புடிச்சா, அது உள்ளதான் வுழும். மறுபடியும் வுழும். நான் மறுபடியும் எல்லாருக்கும் பதில் சொல்லணுமா?" அவர் கோபத்தில்தான் சொன்னார். முசியே வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு மெல்ல எழுந்து உட்கார்ந்தார். என்ன சொன்ன, மறுபடி சொல்லு என்றார். மதாம் இன்னும் சத்தமாகச் சொன்னார். முசியே மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி கையிலிருந்த திருப்புளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு உள்ளே போனார். அதன் தலையில் ஒரு சின்ன ஓட்டை போட வேண்டியிருந்தது, ஒரு நூல் நுழைகிற அளவுக்கு. அதற்கு மட்டும் மேஸ்திரி சண்டை போடவில்லை. மதாமை எதிர்த்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை.

அடுத்த நாள் கிளினிக்கில் டாக்டரம்மா அந்த ஓட்டையை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். பல் இடுக்கு சுத்தம் செய்கிற மெழுகு நூலை எடுத்து அதில் கோத்தார். அந்த நூலின் மறுமுனையை யார் பிடிப்பது என்ற கேள்வி வந்தபோது மதாம் யாரையும் கேட்கவில்லை, தன் சுண்டுவிரலில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டார். மூடி முறுக்கி முடிக்கிறவரை நாற்காலிக்குப் பக்கத்தில் நூலை லேசாக இழுத்துப் பிடித்தபடி நின்றார். முசியே நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். டாக்டரம்மா வலிக்கிறதா என்று கேட்டார். முசியே வாய் திறந்திருந்த நிலையிலேயே தலையை இட வலமாக ஆட்டினார். "இப்பல்லாம் நல்லா கேட்டுட்டுத்தான் பதில் சொல்றாரு" என்று மதாம் டாக்டரம்மாவிடம் சொன்னார்.

முதல் திருப்புளி தனக்குச் சௌகரியப்பட்டபோது வந்தது. அதைத் தொட மேஸ்திரி மறுத்துவிட்டார். முசியேயே கொதிக்க வைத்துக் கழுவி, மைக்ரோமீட்டரில் வைத்து அளந்து பார்த்துவிட்டு, மலர்ந்த முகத்தோடு என் மேசைக்கு வந்தார். வயிற்று அமிலத்தில் இத்தனை நாள் ஊறியும் அளவு துளியும் மாறவில்லை, எங்கள் எஃகின் தரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா, விவரப் புத்தகத்தில் இதையும் ஒரு சோதனையாகச் சேர்த்துத் தட்டச்சு செய் என்றார். நான் முடியாது என்றேன். என் வேலைக் காலத்தில் அவரிடம் நான் முடியாது என்று சொன்ன ஒரே தடவை அது. சோதனை நடந்த முறை என்ற தலைப்புக்குக் கீழே என்ன எழுதுவது என்று கேட்டேன். அவர் யோசித்தார். பிறகு அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

சில மாதம் கழித்து நான்கும் நின்றன. டாக்டரம்மா மேல் பல்வரிசையை அவற்றின் மேல் பூட்டினார். மறுநாள் காலையில் முசியே கம்பெனிக்கு வந்து எல்லோருக்கும் பெயர் சொல்லி வணக்கம் சொன்னார், அதிலும் "ப" வருகிற பெயர்களை இரண்டு தடவை. டாக்டரம்மா சொன்னபடி வாங்கினார், மற்றவர்களும் வாங்கினார்கள். ஆனால் எங்களுக்குப் பெயர் வாங்கித் தந்தது இம்ப்ளாண்ட் இல்லை. நூல் ஓட்டை வைத்த திருப்புளிதான். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் மருத்துவர்கள் அதை மட்டும் கேட்டு எழுதினார்கள், வேறு கம்பெனி இம்ப்ளாண்ட்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஆறு பக்கத்தில் செய்து தரச் சொல்லி. முசியே நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஆறுக்கு ஒத்துக்கொண்டார். அதற்கு ஒரு பிரெஞ்சுப் பெயர் வைக்க வேண்டும் என்றார். வாளிக்குப் பிரெஞ்சில் என்ன? சோ. விவரப் புத்தகத்தில் "சோ" என்றே போட்டோம். சோவென்று மழை பெய்வதுதான் எங்களுக்குத் தெரியும், இதற்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டுத் திருச்சியிலிருந்து ஒரு மருத்துவர் எழுதினார். முசியே தன் கைப்பட மூன்று பக்கம் பதில் எழுதினார், மதாமின் பெயரைக் குறிப்பிட்டு, கண்டுபிடித்தவர் என்று அடிக்கோடு போட்டு. லேத் முத்தியால்பேட்டையைவிட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கொட்டகைக்குப் போனது. போகும்போதும் முன்சுவரை இடிக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று பார்த்து, இனிமேல் வீடு ரொம்ப அமைதியாக இருக்குமே என்று வருத்தப்பட்டார்.

இன்று அந்தக் கம்பெனி வேறு கைக்குப் போய்விட்டது. நான் இப்போது வேலை பார்க்கிற இடத்தில் இம்ப்ளாண்ட் கம்ப்யூட்டரில் வரையப்பட்டு, ஆள் தொடாமல் இயந்திரத்திலிருந்து விழுகிறது. ஆட்டுத் தலை என்று சொன்னால் உடன் வேலை செய்கிற பிள்ளைகள் நான் விளையாடுகிறேன் என்று நினைக்கிறார்கள். முசியே ஊர் திரும்பிப் பத்தாண்டு முடிவதற்குள் இறந்துபோனார். மதிய உணவுக்குப் பின் சாய்வு நாற்காலியில் படுத்தவர் எழவில்லை. பிள்ளை இல்லாத வீடு. மேஸ்திரிதான் மகன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்.

எரித்த மறுநாள் காலையில் எலும்பு பொறுக்குகிற சடங்கான காடாத்துக்குப் போனோம். பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. மதாம் போகிறேன் என்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார், துணைக்கு நானும் ஏறினேன். சுடுகாட்டில் வேலை பார்க்கிற பெரியவர் சாம்பலில் தண்ணீர் தெளித்து எலும்புகளைப் பொறுக்கிச் சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். தலைமாட்டுப் பக்கம் வந்ததும் குனிந்து எதையோ விரலால் எடுத்து ஊதிப் பார்த்தார். "இன்னாபா இது, பாடைல அடிச்ச ஆணியா?" என்று தூக்கி எறியப் போனார்.

மேஸ்திரி அதை அவர் கையிலிருந்து வாங்கி, ஈர வேட்டி முனையில் துடைத்தார். நெருப்பில் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. மரை ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் இருந்தது. "ஆணி இல்லீங்க" என்றார் மேஸ்திரி. "டைட்டேனியம். எங்க கம்பெனி சரக்கு." பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, அவசரப்படாமல், சாம்பலைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துச் சலித்து மற்ற மூன்றையும் தேடி எடுத்தார். நான்கையும் உள்ளங்கையில் வைத்து மதாமிடம் நீட்டினார்.

மதாம் அவற்றை நெடுநேரம் பார்த்தார். "ஏன் மேஸ்திரி, இத இன்னொருத்தருக்குப் போடலாமா?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார்.

மேஸ்திரி ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்து, தலையைச் சாய்த்து, தொழில்முறையாகப் பார்த்தார். "டாக்டரம்மா ஒத்துக்க மாட்டாங்க மதாம்" என்றார். "ஆனா போட்டா நிக்கும்."

மதாம் சிரித்துவிட்டார். அந்த இடத்தில் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று உறவுக்காரர் ஒருவர் பின்னாலிருந்து சொன்னார். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நான்கையும் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்து, ஆட்டோவரை சிரித்துக்கொண்டே நடந்தார்.